நகராத மண்

தென்னை மறுபடியும் நகர்ந்திருந்தது.

பொலிடோர், தார் ஏரியில் வேலை முடிந்து வந்து, படியில் உட்கார்ந்து, காலில் அப்பியிருந்த தாரைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி எர்னஸ்டீன், கோகோவைக் கையில் கொடுத்துவிட்டாவது அந்தச் செய்தியைச் சொல்லியிருக்கலாம். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"ஏ மனுசா, போய்ப் பாரு. வேலிக்கும் மரத்துக்கும் நடுவுல நேத்துதான் வாளியோட போனேன். இன்னிக்கு இடிச்சுக்கிட்டு நிக்குது."

"உனக்கு இடுப்பு பெருத்திருக்கும்."

"வாளிக்குமா பெருத்திருக்கு?"

பொலிடோர் எழுந்திருக்கவில்லை. விடிகாலையிலிருந்து குந்தாலி பிடித்த கை, கோப்பையைப் பிடிக்கக்கூட விரிய மறுத்தது. ஏரி என்று பேர்தான். அதில் குளிக்கவும் முடியாது, மீன் பிடிக்கவும் முடியாது. மேலே கெட்டியாக, யானைத் தோல் போலச் சுருங்கிக் கிடக்கிற தார். வெட்டிக் கட்டிகளாகத் தூக்கி இரும்புத் தொட்டிகளில் போட்டால், கம்பி வடம் மேட்டுக்கு இழுத்துப் போகும். அங்கே காய்ச்சி, பீப்பாயில் ஊற்றி, கப்பலேற்றி, எங்கெங்கோ இருக்கிற நகரங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே அது ரோடாகிப் படுத்துக்கொள்ளும். இங்கே, இந்தத் தீவு ஊரான லா பிரேயில், வெட்டியவனுக்கு என்ன மிச்சம்? இன்று இடுப்பளவு வெட்டிய குழி நாளைக் காலையில் நிரம்பி, ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கும். கொத்தன் கட்டிய சுவரைக் காட்டலாம். தச்சன் செய்த கட்டிலைக் காட்டலாம். பொலிடோர் வாலிபத்திலிருந்து வெட்டுகிறான். வெட்டிய இடத்தைக் காட்டு என்றால் அவனால் காட்ட முடியாது.

அவன் ஒரே மகன் லூசியன் இதைச் சொல்லித்தான் ஊரை விட்டுப் போனான். "இங்க வெட்டுன குழி விடிஞ்சா மூடிக்கிடுது. பனாமாவுல கால்வாய் வெட்டுனா வெட்டுனது நிக்கும். அதுல கப்பல் போகும்." போனவன் முதலில் சொல்லியனுப்பினான், பிறகு ஆள் மூலம் துணி அனுப்பினான், பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

லூசியனின் தொப்புள்கொடிதான் அந்தத் தென்னையடியில் இருந்தது. எங்கே கொடி புதைந்திருக்கிறதோ அங்கேதான் மனுஷன் திரும்பி வருவான் என்பது அந்த ஊரில் யாரும் வாதாடுகிற விஷயமில்லை. பிள்ளை பிறந்த அன்று பொலிடோர் கொடியை ஒரு சின்னச் சுரைக்குடுக்கையில் போட்டு, எறும்பும் ஈரமும் ஏறாதபடி தாரை உருக்கி வாயை அடைத்தான். குழி தோண்டினவன் பக்கத்து மனைக்காரன் கஸ்பார். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான். அன்றிலிருந்து இருவருக்கும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றுதான் அழைப்பு. அந்தக் கும்பாதிரிதான் இப்போது தென்னையை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

லா பிரேயில் ஏரி மட்டுமில்லை, ஊரே தார் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ ஏரி பொங்கி வழிந்து, மண்ணோடும் வேரோடும் கலந்து இறுகிப்போன தார். இறுகியது என்று சொல்லக்கூடாது. சோம்பலாக இருக்கிறது என்று சொல்லலாம். அதனால் வீடுகளெல்லாம் மரக்கால் மேல் நிற்கும். ஒரு பக்கம் தாழ்ந்தால் ஆப்பு அடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டியது. ஏரித் தார் அளவுக்கு இந்த நிலத்தார் உசத்தியில்லை என்று வியாபாரிகள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆகவே சொந்த மனையில் குழி வெட்டி விற்கலாம். விடிந்தால் குழி நிரம்பியிருக்கும். நிரம்பியது எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் வம்பு. பக்கத்து மனைக்கு அடியிலிருந்து வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கோகோவைக் குடித்துவிட்டு பொலிடோர் வேலியைத் தாண்டிப் போனான்.

கஸ்பார் தன் குழியோரத்தில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலக்கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. சிமோனே என்கிற தனி முதலாளியின் கொட்டகையில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தவன். ஈரம் போகாத தாரில் ஒருநாள் அவசரமாகத் தீயைக் கூட்டச் சொன்னார்கள். பால் பொங்குவது போலப் பொங்கிக் கை மேல் வழிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவனை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. இடக்கையால் வெட்டப் பழகிக்கொண்டான்.

"வாரும் கும்பாதிரி. மரத்தைப் பத்திப் பேச வந்தீராக்கும்."

"மரத்தைப் பத்தித்தான்."

"அதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு. இப்பல்லாம் இங்க உக்காந்தே காயை எண்ணிருதேன்."

"காயை நீரே வச்சுக்கிடும். மரம் என் மண்ணுல நிக்கட்டும். எர்னஸ்டீன் என்னை உக்கார விடமாட்டேங்கா."

"நான் என்ன மரத்துல கயிறு கட்டியா இழுக்கேன்? என் நெலத்துல வெட்டுதேன். விடிஞ்சு பாத்தா குழி ரொம்பிக் கிடக்கு. வான்னு நானா கூப்பிட்டேன்?"

"எங்கருந்து வருதுன்னு உமக்குத் தெரியாதாவே?"

கஸ்பார் ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"தெரியும்வே. நிறுத்துன்னு நீரு சொல்லும், இன்னைக்கே நிறுத்துதேன். நாளைக்கு இந்தக் கையை வச்சு எதைத் திங்கன்னும் நீரே சொல்லிரும்."

பொலிடோரால் அதைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன கையைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷனால் சொல்ல முடியும்? அவன் போகத் திரும்பியபோது கஸ்பார் விளையாட்டாக ஒன்று சொன்னான்.

"ஒண்ணு செய்யும். உம்ம வீட்டுக்கு அந்தாண்ட பக்கம் நீரும் ஒரு குழி வெட்டும். நான் இங்க இழுக்கேன், நீரு அங்க இழும். மரம் ரெண்டு பக்கமும் பாத்துட்டு நடுவுல நிக்கும்."

சிரித்துக்கொண்டே இதை வீட்டில் போய்ச் சொன்னது பொலிடோர் செய்த தப்பு. எர்னஸ்டீன் சிரிக்கவில்லை. சுட்ட ஈரப்பலாவைத் தோலுரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் சொன்னதுல என்ன தப்பு?"

"ஏட்டி, நான் பகலெல்லாம் வெட்டிட்டு வாரேன்."

"யாருக்கோ வெட்டுதே. உன் புள்ளைக்கு வெட்ட மாட்டியா?"

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அடுப்படிக்குப் பின்னால் பொலிடோர் முதல் வெட்டு வெட்டினான்.

ஏரித் தார் வெண்ணெய்க்கட்டி போல ஒழுங்காகப் பிளக்கும். நிலத்தார் அப்படியில்லை, மண்ணும் கல்லும் பழைய வேரும் கலந்து, குந்தாலியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஏரியில் ஒரு பகல், கொல்லையில் ஒரு சாயங்காலம். தோள்பட்டை இரண்டும் இரவில் அவனிடம் கேட்காமலே துடித்தன. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்றவன் அப்படியே தூங்கிப்போனான். பக்கத்தில் நின்ற எர்னஸ்டீன் முழங்கையால் இடித்தாள். ஏரியில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்கள்: "பொலிடோருக்கு இங்க வெட்டுறது பத்தலையாம். வீட்டுலயும் ஒரு ஏரி வச்சிருக்கான்."

ஆனால் மரம் நின்றது. வேலிக்கு ஒரு முழம் இப்பால், யாரோ அதட்டி நிறுத்தியது போல நின்றுவிட்டது. எர்னஸ்டீன் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவன் தட்டில் உப்பு மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

வெயில் காலம் வந்தது. வெயில் ஏற ஏறத் தார் இளகும், இளக இளக எல்லாம் நகரும். தெரிந்த விஷயம்தான், பொலிடோர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. தென்னைக்கும் அவன் குழிக்கும் நடுவில் நின்றது அவன் வீடு. மரத்தைப் பிடித்து இழுக்கிறேன் என்று அவன் வெட்டிய குழி, முதலில் கைக்கெட்டிய வீட்டைத்தான் இழுத்தது. அடுப்படி ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவில் கை நுழைகிற இடைவெளி விழுந்தது. கதவு சாத்த மறுத்தது. மேசையில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு எர்னஸ்டீன் மடியில் விழுந்தது. பொலிடோர் காலையில் ஏரிக்குப் போகுமுன் ஆப்பு அடித்தான், மாலையில் குழி வெட்டினான். தானே இழுத்துத் தானே முட்டுக் கொடுக்கிற வேலை. பகையென்று சொல்ல முடியாவிட்டாலும், கஸ்பாரோடு பேச்சும் குறைந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் அதே ஊர்ப் பையன் ஒனோரே பனாமாவிலிருந்து வந்திருந்தான். அவன் தாய்க்கு உடம்புக்கு ஆகவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வந்தவன். லூசியனோடு ஒரே கொட்டகையில் இருந்தவன். வீட்டுத் தாரை வண்டியில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போன பொலிடோரை அவனே தேடிவந்து ஒதுக்கமாகக் கூட்டிப்போனான்.

"லூசியன் நல்லாருக்கான் மாமா. அங்க கொலோன் பட்டணத்துல ஒரு ஜமைக்காக்காரப் பொண்ணோட குடும்பமா இருக்கான். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு."

"அப்படியா," என்றான் பொலிடோர்.

"அவன் இனிமே இங்க வரமாட்டான் மாமா. என்னைச் சொல்லச் சொன்னான். அம்மாட்ட சொல்ல தைரியம் இல்ல, அப்பாட்ட சொல்லிருன்னான்."

ஒரு பீப்பாயை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போனார்கள். அது தாண்டிப் போக பொலிடோர் ஒதுங்கி வழிவிட்டான்.

"வேலை எப்படி அங்க?"

"அதை ஏன் கேக்கீங்க. மலையை வெட்டுதோம். மழை பெஞ்சா மலை சரிஞ்சு வந்து வெட்டுன எடத்தையெல்லாம் மூடிருது. காலையில தண்டவாளத்தையே தோண்டித்தான் எடுக்கணும். லூசியன் விழுந்து விழுந்து சிரிப்பான். 'எங்க அப்பன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிராதல'ன்னு."

பொலிடோருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் எர்னஸ்டீன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஒனோரேயப் பாத்தியா? என்ன சொன்னான்?"

"நல்லாருக்கானாம்."

"வருவானாமா?"

"வேலை முடியணும்லா. முடிஞ்சா வருவான்."

சொல்லிவிட்டுக் குந்தாலியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். இனி வெட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்த பிறகு வெட்டுகிற குழி மாதிரி கனமானது உலகத்தில் கிடையாது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்பாள். பதில் சொல்ல வேண்டிவரும். அதைவிட வெட்டுவது சுலபமாக இருந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ எர்னஸ்டீன் ஒனோரேயின் தாய்க்குக் கஞ்சி கொண்டுபோனாள். வர வெகுநேரமானது. அதற்குப் பிறகு அவள் மரத்தைப் போய்ப் பார்ப்பது குறைந்துபோனது. குழியில் நிற்கிறவனுக்குக் கோகோ கொண்டுவந்து கொடுப்பது மட்டும் கூடியது. பொலிடோர் அதைக் கவனித்தான். அலுப்பில் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

ஒரு சாயங்காலம் குந்தாலி எதன் மேலோ பட்டு டொக்கென்றது. வேர்தான் என்று நினைத்தான். தாருக்குள் எந்த யுகத்து மரமெல்லாமோ கிடந்து மேலே வரும். குனிந்து கையால் அள்ளினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சுரைக்குடுக்கை. வாய் தாரால் அடைத்திருந்தது. அந்த அடைப்பின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, நேற்று அழுத்தியது போலப் பளிச்சென்று இருந்தது.

அவன் ரேகைதான். தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை. வேலை செய்து செய்து விரல் தடித்துப்போயிருந்தது. குடுக்கையின் விலாவில் குந்தாலி பட்ட இடத்தில் நீளமாக ஒரு விரிசல். இத்தனை வருஷம் எறும்புக்கும் மழைக்கும் கொடுக்காமல் தார் காப்பாற்றி வைத்ததை, காப்பாற்ற வந்தவன் உடைத்துவிட்டான்.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். மரம் மேல்மண்ணோடு மேற்கே, கஸ்பார் பக்கம் போனது. குடுக்கையோ எப்போதோ மரத்தை விட்டுவிட்டு, அடியில் தன்பாட்டுக்குக் கிழக்கே, அவன் வீட்டுக்குக் கீழாகவே வந்துகொண்டிருந்திருக்கிறது. வெறும் தென்னைக்காகவா இவ்வளவு? அவனுக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. எழுந்து, குடுக்கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வேலியைத் தாண்டினான்.

கஸ்பார் பார்த்ததும் கண்டுகொண்டான். அவனும் சேர்ந்து புதைத்ததுதானே. முதலில் சிரித்துவிட்டான். பொலிடோரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"உடைஞ்சுபோச்சா?"

"உடைச்சிட்டேன்."

"குடும் இங்க."

இரண்டு பேரும் அடுப்பு மூட்டி, ஒரு பழைய இரும்புக் கரண்டியில் தாரைப் போட்டு உருக்கினார்கள். நுரைத்தது. பொலிடோர் கரண்டியைத் தூக்கப் போனான்.

"பொறும்வே. ஈரம் போகட்டும். அவசரப்பட்டா என்ன ஆகும்னு இந்தக் கையைக் கேளும்."

நுரை அடங்கி, தார் பளபளவென்று அமைதியானது. கஸ்பார் இடக்கையால் குடுக்கையைப் பிடித்துக்கொள்ள, பொலிடோர் விரிசலில் ஊற்றி, எச்சில் தொட்டுத் தடவினான். இவ்வளவு நாளும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த பொருள், இருவர் கையிலும் சேர்ந்து ஆறிக்கொண்டிருந்தது.

"கொண்டுபோய் மரத்தடியில வச்சு மூடிரும். அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்றான் கஸ்பார்.

"மூடிட்டு? திரும்ப வெட்டவா?"

"அதுவும் சரிதான்."

"என்னால முடியல கும்பாதிரி. மரத்தை நீரே வச்சுக்கிடும். நிசமாத்தான் சொல்லுதேன்."

வீட்டுக்குப் போய், சாய்ந்த மேசை மேல் உருளாதபடி கையால் பிடித்துக்கொண்டு, குடுக்கையை எர்னஸ்டீன் முன்னால் வைத்தான். நடந்ததைச் சொன்னான். ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு இன்னொன்றை மறைத்து வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்று தோன்றியதால், ஒனோரே சொன்னதையும் சொன்னான். ஜமைக்காக்காரப் பெண், பேத்தி, வரமாட்டான் என்றது, எல்லாம்.

அவள் அழவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். கஞ்சி கொண்டுபோனேன்லா, அன்னைக்கே ஒனோரே சொல்லிட்டான். பேத்திக்கு என் பேருதானாம்."

பொலிடோர் அவளையே பார்த்தான். "பொறவு ஏன் என்னை வெட்ட விட்டே?"

"நீ எதுக்கு வெட்டுனே?"

"நீ நம்பிக்கிட்டிருக்கேன்னு வெட்டுனேன்."

"நீ நம்பிக்கிட்டிருக்கேன்னு நான் சும்மாருந்தேன். அவ்வளவு அசந்துபோய் வந்தும் புள்ளைக்காக வெட்டுதானே, இவன்ட்ட போய் எப்படிச் சொல்லன்னு." அவள் முந்தானை போல் போட்டிருந்த துண்டால் குடுக்கையின் மேலிருந்த கரியைத் துடைத்தாள். "இனிமே வெட்டாத."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கினான். கேட்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆறிப்போன ஈரப்பலாவைப் பிட்டுத் தின்றார்கள்.

தின்று முடித்துவிட்டு எர்னஸ்டீன் கேட்டாள். "ஒனோரே எப்பத் திரும்பிப் போறான்?"

"அடுத்த கப்பல்ல."

"அவன்ட்ட இதைக் குடுத்தனுப்பிருவோம். லூசியன் இருக்கிற எடத்துல, அவன் வாசல்லயே புதைக்கட்டும். நம்மகிட்ட வராட்டி போறான். போற எடத்துலருந்து அவன் வீட்டுக்காவது திரும்பி வரணும்லா, அந்தப் புள்ளைகிட்ட."

"சரி," என்றான் பொலிடோர்.

அவள் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியைத் தேடி எடுத்தாள். லூசியனுக்கு ஞானஸ்நானத்தன்று போர்த்திய துணி. அதில் குடுக்கையை வைத்து நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பாதி முடிச்சில் கை நின்றது.

"அங்க மண்ணு நகராதுல்ல?"

பொலிடோர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இனி ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்து முழுசாக ஒரு வேளைச் சாப்பாடு கூட ஆகவில்லை.

"நகராது," என்றான். "மலைல்லா. பாறை. அது எங்க நகரும்."

எர்னஸ்டீன் தலையை ஆட்டிக்கொண்டு முடிச்சை இறுக்கினாள். மலை சரிந்து மூடுவதையும் ஒனோரே அவளிடம் சொல்லியிருப்பானோ என்று பொலிடோருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் கேட்கவில்லை.